வெட்டிப் போட்ட ஓரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டு மிக்ஸிக்காக வாங்கியது. என் இணையதளத்தில் விமர்சனம் போட எந்தப் பொருளைச் சோதிக்கத் தொடங்கினாலும் தினமும் நாலு வரி எழுதி வைப்பேன். இன்றைய நாலு வரி: உளுந்து அரைத்தேன். சூடாகிறது. மூடி கசிகிறது. சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். முடிந்தது. மீதிப் பக்கத்தைத் திட்டுவதற்கு வைத்துக்கொள்கிறேன்.

எவனோ ஒருவன் என் கையை விற்றுக்கொண்டிருக்கிறான்.

காலையில் இட்லி ஊற்றிவிட்டு, வேறு யாராவது இந்த மிக்ஸியைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். 'முதல்பத்து' என்று ஒரு தளம் வந்தது. சமையலறைப் பொருள்களில் எது ஒஸ்தி, எது அதைவிட ஒஸ்தி என்று பட்டியல் போடுகிற தளம். கேஸ் அடுப்பில் முதலிடம் ஃப்ளேமோரா கண்ணாடி அடுப்பாம். அதற்கு மேலே அகலமாக ஒரு படம். அடுப்பின் திருகில் ஒரு கை. மணிக்கட்டில் முறுக்கு எண்ணெய் தெறித்த வடு, மோதிர விரல் நகத்தில் நடுவே ஒரு கீறல். என் கை! வலமிடமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான், அதனால் வலது கை இடது கையாகிவிட்டது. என் தளத்தின் பெயர் 'வாங்கலாமா வேண்டாமா' என்று மூலையில் இருக்குமே, அது இல்லை. துடைத்த அடையாளம்கூட இல்லை. கெட்டிக்காரத் திருட்டுப் பயல்.

கீழே எழுதியிருக்கிறான்: "ஆறு மாதம் எங்கள் சமையலறையில் பயன்படுத்திப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

அந்த அடுப்பை வாங்கிய நாலாவது மாதம், ரசம் கொதிக்கும்போது கண்ணாடி வெடித்து அடுக்களை முழுக்கச் சிதறியது. நான் அப்போது கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தேன். அன்றைக்கே, வாங்கிய புதிதில் இந்தப் படத்தைப் போட்ட அதே பக்கத்தில், 'வேண்டாம், வாங்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். இவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிறான், என் கையைக் காட்டி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். படம் எடுத்தவளுக்குத்தான் படத்தின் உரிமை, இதற்குப் பதிவு கிதிவு எதுவும் வேண்டாம் என்று எல்லாச் சட்டப் பக்கங்களிலும் சொல்லியிருக்கிறது. அந்தத் தைரியத்தில் அனுப்பினேன்.

நான் முகத்தைக் காட்டுவதில்லை. கைதான். பொருள் எவ்வளவு பெரிது என்று தெரிய ஒரு கை வேண்டும் என்று தொடங்கியது, இப்போது ஜனங்கள் கையைப் பார்த்துத்தான் என்னை அடையாளம் வைத்திருக்கிறார்கள். கடைக்காரன் தரும் பளபளப்புப் படத்தை ஒருநாளும் போட்டதில்லை. எங்கள் சாப்பாட்டு மேஜையில் பொருளை வைத்து, இவர் விளக்குப் பிடிப்பார், நான் எடுப்பேன். என் வீட்டுக்காரர் பொறுமையாக நிற்பார், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரே தொல்லை, கண்ணாடி, எவர்சில்வர் என்றால் இவருடைய சட்டை அதில் தெரியும், சுவரில் தொங்குகிற காலண்டர் தெரியும். அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் தளத்தில் போடுவேன். காமிராவிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பதும் இவர்தான்.

முன்பெல்லாம் பெயரைப் படத்தின் நடுவில் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தேன். போன வருஷம் இவர்தான், "ஏட்டி, இட்லியில முடி கெடந்த மாதிரி இருக்கு. மூலைல போடு, லட்சணமா இருக்கும்" என்றார். மூலைக்குப் போனது. லட்சணமாகத்தான் இருந்தது.

இன்று இவரிடம் திருட்டைச் சொன்னபோது தோசையைப் பிய்த்துக்கொண்டே, "படம்தானே, போனாப் போகுது. இதுக்குப் போய் மல்லுக்கு நிக்கணுமா?" என்றார். இவர் கடைகடையாக ஏறி இறங்கி அடுக்களைச் சாமான் விற்கிற ஏஜெண்டு. எதையும் விட்டுக்கொடுத்தே பழகிவிட்டவர். நான் அப்படி இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மிக்ஸி: தேங்காய்த் துவையல் நன்றாக வந்தது. இதையும் எழுத வேண்டும், நியாயம் நியாயம்தான்.

புகாருக்குப் பதில் வந்திருக்கிறது. "அந்தப் படம் தங்களுடையது என்பதற்கு ஆதாரம் அனுப்பவும்."

கை என்னுடையது! வடு என்னுடையது! வேறென்ன அனுப்ப, கையை வெட்டி கூரியரில் அனுப்பவா?

என் தளத்தில் அந்தப் படம் மார்ச் மாதமே வந்தது என்று பக்கத்தின் முகவரியை அனுப்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்.

என் பக்கத்தை மூடிவிட்டார்கள்.

'முதல்பத்து' என் மேல் திருட்டுப் புகார் கொடுத்திருக்கிறது. படம் அவர்களுடையதாம், பிப்ரவரி 2ஆம் தேதியே போட்டுவிட்டார்களாம். பக்கத்தில் தேதியும் அப்படித்தான் இருக்கிறது. தேதியை முன்னதாக மாற்றி எழுதிக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்? நான்தான் அவர்கள் படத்தைத் திருடி, என் பெயரை ஒட்டி, அவர்கள் சிபாரிசு செய்த பொருளை இழிவுபடுத்தினேனாம். என் தளத்துக்கு இடம் தருகிற கம்பெனி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கு தீரும்வரை பக்கம் மூடியிருக்கும் என்று ஒரு மெயில், கீழே "இனிய நாளாக அமையட்டும்."

மூடியது எந்தப் பக்கம்? 'வாங்காதீர்கள், வெடிக்கும்' என்று எழுதிய பக்கம். இப்போது எவளாவது ஒருத்தி அந்த அடுப்பின் பெயரைத் தேடினால் அவன் பக்கம் மட்டும்தான் வரும். அதில் என் கை இருக்கும். செண்பகவல்லி அக்காவே சொல்லிவிட்டாள் என்று வாங்கிவிடுவாள்.

படத்துக்காக முதலில் கோபப்பட்டேன். இன்று படம் எக்கேடு கெட்டும் போகட்டும், அந்த எச்சரிக்கை திரும்ப வந்தால் போதும் என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பக்கத்தை மூடிய கம்பெனியை மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் பாட்டு போட்டார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இவர் மதுரையில் இரண்டு நாள் கம்பெனி கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். கையில் அரைக்கிலோ பால்கோவா. புது ஏஜென்ஸி ஒன்று கிடைத்திருக்கிறதாம், கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் எல்லாம் இனி இவர் கையில். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். "எல்லாம் இந்த அடுக்களைச் சாமான்தான்" என்று குளிக்கப் போய்விட்டார். மாடிப்படிக்குக் கீழே நாலைந்து அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன, மேலே பழைய போர்வை போட்டு மூடியிருக்கிறது. தூசி பட்டுவிடக்கூடாது என்று நினைத்திருப்பார்.

மூடிய பக்கம் பற்றிச் சொன்னேன். "விட்டுத் தொலையேன் செண்பகம். வேற சாமானப் பத்தி எழுது. உலகத்துல அடுப்பு ஒண்ணுதானா?" என்றார்.

எனக்காகத்தான் சொல்கிறார். ராத்திரி தூக்கம் வராமல் புரளுவதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்.

பால்கோவா நன்றாக இருந்தது. மிக்ஸி ஓட்டவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மத்தியானம் ஒரு போன். நாசரேத்திலிருந்து ஜெபமெர்சி என்று ஒரு பெண். என் தளத்தில் குக்கர் பற்றி, தோசைக்கல் பற்றி அடிக்கடி கேள்வி கேட்பவள், பெயர் ஞாபகம் இருந்தது. சந்தோஷமாகத்தான் போனை எடுத்தேன்.

"செண்பகவல்லி அக்காவா?"

"ஆமாம்மா, சொல்லு."

"நீங்க பொய் சொல்லுவியன்னு நான் நெனக்கவேயில்லக்கா."

வெந்த பருப்பை இறக்கப் போயிருக்கிறாள். அடுப்புக் கண்ணாடி படாரென்று வெடித்து, பாத்திரம் கவிழ்ந்து, கொதிக்கிற பருப்பு இரண்டு காலிலும். ஃப்ளேமோரா. போன வாரம்தான் வாங்கியது.

"அம்மா நான் எழுதினது அதில்ல, வாங்காதீங்கன்னுல எழுதுனேன்..."

"அத நான் எங்க பாத்தேன்? தேடுனா ஒங்க கைதாங்க்கா வந்துச்சு. அந்தத் தழும்பப் பாத்துட்டுத்தான் வாங்குனேன். எங்க வீட்டுக்காரரு வேற கம்பெனி வாங்கலாம்னாரு. நாந்தான், இல்ல, இந்தக் கை சொன்னா சரியா இருக்கும்னேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அழுகை நின்றதும் வந்தது பாருங்கள் கோபம், இத்தனை நாள் வந்ததெல்லாம் கோபமே இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நாசரேத்துக்குப் போய் வந்தேன். திருநெல்வேலியில் இறங்கி மாற வேண்டும். ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன், அடிபட்டவளைப் பார்க்கப் போகிற எல்லோரையும் போல. நான் வெறும் பார்க்கப் போகிறவள் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

சின்ன வீடு, சுத்தமாக வைத்திருக்கிறாள். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், முழங்கால்வரை கட்டு. கட்டிலின் மறுபக்கம் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். நான் உட்கார்ந்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"வலது கையிலயா இருக்கு?"

"அவன் திருப்பிப் போட்டிருக்கான்மா."

சிதறிய கண்ணாடியை ஊறுகாய் பாட்டிலில் அள்ளி வைத்திருந்தாள், கல்கண்டு மாதிரி. கடைக்காரனிடம் காட்டியதற்கு, "கண்ணாடின்னா உடையத்தாம்மா செய்யும்" என்றானாம். பாட்டிலை எனக்குக் கொடுத்தாள். "நீங்களாச்சும் எதாவது செய்ங்கக்கா" என்றாள். திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அதற்கு இது எவ்வளவோ மேல் என்று சொல்ல முடியவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் பார்த்த பக்கத்தைக் காட்டுவதற்காகப் போனைக் கட்டிலில் எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தாள். அவளுக்கு நேர், எனக்குத் தலைகீழ். படத்தின் ஓரத்தில் அடுப்புக் கண்ணாடியில் ஏதோ சிவப்பாக மின்னியது. குனிந்து பார்த்தேன்.

எங்கள் வீட்டுக் காலண்டர்.

கண்ணாடியில் தலைகீழாகவும் வலமிடம் புரண்டும் விழுந்த பிம்பம். அவன் படத்தைத் திருப்பியதில் புரண்டது நேராகிவிட்டது. தலைகீழ் மட்டும்தான் பாக்கி, நான் தலைகீழாகப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தாள், சிவப்பு எழுத்து, அச்சடித்தது போல வாசிக்க வருகிறது: மார்ச், 23. மேலே எங்கள் ஊர் ஜவுளிக்கடையின் பெயர்.

பிப்ரவரியில் போட்ட படத்துக்குள் மார்ச் காலண்டர் எப்படியடா வரும்? மாட்டாமல் இருக்கத் திருப்பினான், அதிலேயே மாட்டிக்கொண்டான். அடிபட்டவள் வீடென்றும் பாராமல் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மெர்சியும் சிரித்தாள், கால் வலியோடு.

பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, என்ன எழுதி அனுப்ப வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். நாளைக்கே பக்கம் திறந்துவிடும். கயத்தாறு தாண்டியதும் ஒன்று தோன்றியது.

அந்த ஓரம் என் தளத்தில் இல்லை.

நான் வெட்டிவிட்டேன். காலண்டரும் இவருடைய சட்டையும் தெரிகிறதென்று வெட்டிவிட்டுத்தான் போட்டேன். தளத்திலிருந்து திருடியிருந்தால் அவனுக்கு அந்த ஓரம் கிடைத்திருக்காது. வெட்டாத படம், பெயர் போடாத படம், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது.

போனில் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காலண்டருக்குப் பக்கத்தில் நீலக் கட்டம் போட்ட முழுக்கை. துவைத்துத் துவைத்து எனக்கு அந்தச் சட்டையின் ஒவ்வொரு பித்தானும் தெரியும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆதாரத்தை அனுப்பிவிட்டேன். முழுப் படத்தையும்.

மாடிப்படிக்குக் கீழே போர்வையை விலக்கிப் பார்த்தேன். ஐந்து பெட்டி. ஐந்திலும் ஃப்ளேமோரா.

மிக்ஸி: ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. சட்னியில் உப்பில்லை என்பது மட்டும் தெரிந்தது.

இன்று காலை, கசிகிற மிக்ஸி மூடியைச் சரிபண்ணுகிறேன் என்று திருகிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"அந்த அடுப்புப் படத்த யாருக்குக் குடுத்தீங்க?"

"எந்தப் படம்?"

"என் கை இருக்க படம். நீங்க விளக்குப் பிடிச்ச படம்."

மூடியைத் திருகுவது நிற்கவில்லை. "கம்பெனி மேனேஜர் கேட்டாரு. ஒங்க வீட்டம்மா நல்லா எடுத்திருக்காங்க, பேரில்லாம ஒண்ணு கெடைக்குமான்னாரு. குடுத்தேன். அவங்க எங்க போடுதாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"தெரியாது? நான் இருவது நாளா இங்கன கெடந்து கத்துதேன், அப்பவும் தெரியாதா?"

"சொன்னா நீ சும்மா விடுவியா? ஏஜென்ஸி போயிரும்லா." பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு ஏதோ புத்தி சொல்கிறவர் போல: "படம்தானட்டி. ஒன் நகையவா தூக்கிக் குடுத்துட்டேன்?"

நகையைக் கொடுத்திருந்தால் அழுதுவிட்டு மன்னித்திருப்பேன். இது நகை இல்லை. ஒருத்தி புருஷன் பேச்சைத் தட்டிவிட்டு, அந்தக் கையை நம்பி அடுப்பு வாங்கினாள். நான் என் புருஷனை நம்பி அந்தக் கையைப் படமெடுத்தேன். இதை இவருக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். உரக்கவே சொன்னேன். பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள், கேட்கட்டும்.

"நாசரேத்துல ஒரு பொண்ணு நடக்க முடியாமக் கெடக்கா."

"கம்பெனில சொல்லி அவளுக்குப் புது அடுப்பு வாங்கித் தாரேன்."

புது அடுப்பு! அதே அடுப்பு! வெந்த காலோடு கிடக்கிறவளுக்கு இன்னொரு வெடியை வாங்கித் தருகிறேன் என்று ஒரு மனிதர் என் முகத்துக்கு நேரே சொல்கிறார், இத்தனை வருஷம் நான் சோறு போட்ட மனிதர்.

"என் பேர மூலைக்குத் தள்ளச் சொன்னதும் இதுக்குத்தானா?"

"ஐயோ, அது அழகுக்குச் சொன்னதுட்டி. சத்தியமா."

இருக்கலாம். அப்போது இந்த ஏஜென்ஸியே கிடையாது. ஆனால் இனி எதை நம்புவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையையும் எனக்கே வைத்துவிட்டார்.

மூடி இப்போதும் கசிகிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பக்கம் திறந்துவிட்டது. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." 'முதல்பத்து' என் படத்தை எடுத்துவிட்டது. எடுத்த இடத்தில் வேறு எவளுடைய கையோ.

அதுவும் எங்கிருந்து வந்ததோ. அவள் வீட்டில் யார் விளக்குப் பிடித்தார்களோ.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். பூரணத்துக்கு மிக்ஸியில் தேங்காய் துருவியதைப் போட்டு ஒரு சுற்று, நன்றாக வந்தது. இவர் மூன்று கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு, "கோவம் தணிஞ்சிட்டா?" என்றார்.

"நாளைக்கு ஒரு படம் எடுக்கணும். விளக்குப் பிடிப்பீங்களா?" என்றேன்.

முகம் மலர்ந்துபோனது. "அதுக்கென்ன, பிடிச்சாப் போச்சு."

ஆகஸ்ட் 28, வியாழன்

பத்து மணி வெயில் அடுக்களைக்குள் விழுந்தபோது எடுத்தேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டி ஒன்றைப் பிரித்து, புத்தம்புது ஃப்ளேமோராவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். இவர் கொஞ்சம் தயங்கினார். "இத எதுக்கு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மெர்சி கொடுத்த பாட்டிலைத் திறந்து, அந்தக் கண்ணாடித் துண்டுகளை அடுப்பின் நடுவில் குவித்தேன். பக்கத்தில் என் வலது கையை வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க."

வந்தார்.

"விளக்க எறக்கிப் பிடிங்க. ஆங், அப்படியே."

கண்ணாடியில் காலண்டர் விழுந்தது, நீலக் கட்டச் சட்டை விழுந்தது, சட்டைக்கு மேலே முகமும் விழுந்தது. மீசை நரைகூடத் தெரிந்தது. எடுத்தேன்.

நானே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எந்த ஓரத்தையும் வெட்டவில்லை. 'வாங்கலாமா வேண்டாமா' என்று நடுவில் குறுக்கே, இட்லியில் முடி மாதிரி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போட்டேன். முகத்தின் மேல் எழுத்து விழாமல் பார்த்துக்கொண்டேன். மெர்சியிடம் கேட்டுக்கொண்டு அவளுக்கு நடந்ததை எழுதினேன். என் படம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் எழுதினேன். கீழே, வழக்கமாகப் படம் எடுத்தவர் பெயர் போடுகிற இடத்தில்:

"படம்: செண்பகவல்லி. விளக்குப் பிடித்தவர்: என் கணவர் சங்கரலிங்கம், ஃப்ளேமோரா ஏஜெண்டு, கோவில்பட்டி. முந்தைய படத்தை என்னைக் கேட்காமல் கம்பெனிக்குக் கொடுத்தவரும் அவரே."

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவருக்கு எவனோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான். கை கழுவாமல் ஓடி வந்தார். ரசம் சாதம் விரலில் ஒட்டியிருந்தது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார், அதில் அவர் முகம்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணியிருக்க? ஊரே பாக்குது! எடுத்திரு. முதல்ல இத எடுத்திரு!"

நான் மிக்ஸி மூடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

"படம்தானே."